பாய்மரம் 58 அடி, பாலம் 56 அடி

கேள்வி: கேப்டன் சாருக்கு வணக்கம். நாங்கள் அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடா ஓரமாக இருக்கிறோம். கணவருக்கு 63 வயது, எனக்கு 59. இந்த ஆண்டு அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். எங்களிடம் 38 அடி பாய்மரப் படகு இருக்கிறது, பெயர் ‘நெய்தல்’. தண்ணீருக்குக் கீழே ஐந்தரை அடி, மேலே பாய்மரம் 58 அடி. குளிர் காலத்துக்குக் கரையோர உள் நீர்வழியிலேயே மயாமி வரை போய்விட்டு வசந்தத்தில் திரும்பலாம் என்கிறார். “பாலமெல்லாம் 65 அடி, கடலுக்கே போக வேண்டாம், ஆறு வாரம் போதும், நீ சும்மா உட்கார்ந்து வா” என்கிறார். மகன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மயாமிக்கு டிக்கெட் போடவா என்று கேட்கிறான். பத்து வருஷமாக வார இறுதிகளில் அவரோடு போகிறேன். கயிறு பிடிப்பேன், சமைப்பேன். சுக்கான் பிடித்தது தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது பத்து நிமிஷம், அவ்வளவுதான். பயமாக இருக்கிறது, போகவும் ஆசையாக இருக்கிறது. போகலாமா? பின்குறிப்பு: நவம்பர் குளிரில் படகில் தோசை மாவு புளிக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஆனால் “சும்மா உட்கார்ந்து வா” என்பதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். மற்றதை எல்லாம் உங்கள் கணவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் பாலங்கள். நீர்வழி தொடங்கும் வர்ஜினியாவின் நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை நிலையாகக் கட்டிய பாலங்களுக்கு 65 அடி உயரம் என்பது பொது விதி. அவர் சொன்னது சரிதான், ஒன்றைத் தவிர. மயாமிக்குள் நுழையும் இடத்தில் ஜூலியா டட்டில் காஸ்வே என்று ஒரு பாலம் இருக்கிறது. அதன் உயரம் 56 அடி. ஆயிரம் மைல் வந்தவர்கள் அங்கேதான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். (வட கரோலைனாவில் வில்கர்சன் பாலமும் 64 அடிதான், ஆனால் உங்கள் படகுக்கு அது பிரச்சினை இல்லை.)

58 என்பது எங்கிருந்து வந்த எண் என்றும் பாருங்கள். படகு விற்ற கம்பெனியின் புத்தகத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். உச்சியில் ரேடியோ ஆன்டெனா இருக்கும், காற்றுக்காட்டி இருக்கும், புத்தகத்தில் அதெல்லாம் கணக்கில் வராது. பெரிய பாய் ஏற்றும் கயிற்றில் அளவு நாடாவின் நுனியைக் கட்டி உச்சி வரை இழுங்கள். தண்ணீர் மட்டம் வரை அளந்துகொண்டு, உச்சிக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். படகில் தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அளந்தால் ஓரிரண்டு அங்குலம் குறையக்கூடும், அதை நம்பி அந்தப் பாலத்துக்குள் நுழைய வேண்டாம்.

அப்படியென்றால் கடலுக்குப் போகத்தான் வேண்டுமா? மயாமிதான் வேண்டுமென்றால் ஒரே ஒரு பகல் போக வேண்டும். ஃபோர்ட் லாடர்டேலில் போர்ட் எவர்கிளேட்ஸ் முகத்துவாரம் வழியாக வெளியேறி, மயாமியில் கவர்ன்மென்ட் கட் என்ற வாய்க்கால் வழியாக உள்ளே வர வேண்டும். காலையில் கிளம்பினால் பிற்பகல் காபிக்குள் நங்கூரம் போட்டுவிடலாம். கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற பெரிய கடலோட்டம் அங்கே கரைக்கு மிக அருகில் வடக்கு நோக்கி ஓடுகிறது. நீங்கள் எதிரே தெற்கு நோக்கிப் போகிறீர்கள். ஆகவே கரையை ஒட்டியே போங்கள். வாடைக்காற்று அடிக்கிற நாளில் மட்டும் போகவே கூடாது. ஓட்டம் வடக்கே, காற்று தெற்கே என்று இரண்டும் மோதினால் அலை சுவர் மாதிரி எழும். நல்ல நாளுக்கு ஃபோர்ட் லாடர்டேலில் நான்கு நாள் காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

அடுத்தது ஆறு வாரக் கணக்கு. இந்த நீர்வழியின் பூஜ்ஜியம் மைல் நார்ஃபோக்கில் இருக்கிறது. மயாமி சுமார் 1,090. இவை கடல் மைல் அல்ல, சாலையில் போடும் சாதாரண மைல். உங்கள் படகு ஐந்தரை நாட் (மணிக்கு ஐந்தரை கடல் மைல்) வேகத்தில் போனால் மணிக்கு ஆறேகால் மைல். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பியதும் நார்ஃபோக்கில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நண்டுக்கூண்டு மிதவைகளும் விளக்கில்லாத அடையாளத் தூண்களும் இருக்கிற வாய்க்காலில் இருட்டில் ஓட்டக் கூடாது. தாழ்வான பாலங்கள் திறக்கக் காத்திருக்கும் நேரத்தையும் கழித்தால் ஒரு நாளைக்கு 40, 45 மைல். ஓடும் நாள் மட்டுமே 25. மழை, காற்று, பழுது, உடம்பு அலுப்பு, துணி துவைக்க ஒரு நாள் என்று சேர்த்தால் ஆறு வாரம் ஆகிவிடும். இதில் மேரிலாந்திலிருந்து நார்ஃபோக் வருவதைச் சேர்க்கவில்லை, அதற்கு மூன்று நான்கு நாள்.

சீக்கிரம் கிளம்பலாமே என்பீர்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நவம்பர் 1க்கு முன்னால் குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே போனால் புயல் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று பல படகுக் காப்பீட்டு பாலிசிகளில் ஒரு வரி ஒளிந்திருக்கும். அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள். அக்டோபர் கடைசியில் நார்ஃபோக் வந்து சேர்ந்தால் சரியாக இருக்கும்.

மகனிடம் சொல்லுங்கள்: நாளைச் சொல், ஊரைக் கேட்காதே. டிசம்பர் 22 என்றால் 22, அன்று அப்பா அம்மா எங்கே இருக்கிறார்களோ அங்கே அவன் வரட்டும். ஜாக்சன்வில், ஆர்லாண்டோ, ஃபோர்ட் லாடர்டேல் எல்லாவற்றிலும் விமான நிலையம் இருக்கிறது. “மகன் காத்துக்கொண்டிருப்பான்” என்று காற்று அடிக்கும்போது நங்கூரம் எடுத்தவர்களின் படகுகளைப் பழுதுபார்க்கும் தளத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். எனக்கு அதிலும் கூலி உண்டு, ஆனால் சந்தோஷமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலில் இருபது வருஷம் ஓட்டிவிட்டு, இங்கே வந்த பிறகு பிறருடைய படகுகளை இலையுதிர் காலத்தில் தெற்கேயும் வசந்தத்தில் வடக்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். ஒரு நவம்பரில் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். நானும் அவளிடம் அதே வசனத்தைத்தான் சொல்லியிருந்தேன்: நீ சும்மா உட்கார்ந்து வா.

வட கரோலைனாவில் ஆல்பிமார்ல் சவுண்ட் என்ற நீர்ப்பரப்பைக் குறுக்கே கடக்க வேண்டும். கிழக்கு மேற்காக ஐம்பது மைல் நீளம், ஆழமோ பெரும்பாலும் இருபது அடிக்குள். மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தால் அந்த ஐம்பது மைலும் ஓடிவந்து, ஆழமில்லாத தண்ணீரைக் குட்டையான செங்குத்து அலைகளாகக் குத்திவிடும். அன்று அப்படித்தான் ஆயிற்று. பாயைச் சுருக்கப் போனவன் வழுக்கி, கயிறு சுற்றும் வின்ச்சின் மேல் விலா பட விழுந்தேன். மூச்சு விட முடியவில்லை, கையைத் தூக்க முடியவில்லை. அவள் சுக்கானைப் பிடித்தாள். ஒரு மணி நேரம் நன்றாகவே பிடித்தாள். அலிகேட்டர் ஆற்றின் வாய்க்குள் நுழைந்து மேற்குக் கரையோரம் ஒதுங்கினோம், தண்ணீர் அடங்கியது. “நங்கூரத்தை விட்டுவிட்டு மெதுவாக ரிவர்ஸ் போடு” என்றேன்.

“ரிவர்ஸ் எது?” என்றாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அந்தப் படகிலேயே ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்தக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டியவன் நான்தான். முனகிக்கொண்டே லீவரைக் காட்டினேன். நங்கூரம் மூன்றாம் முறைதான் பிடித்தது. என் மனைவி அன்று இரவு என்னோடு பேசவில்லை. விலாவைவிட அதுதான் வலித்தது.

ஆகவே கிளம்பும் முன் உள்ள எல்லா வார இறுதிகளும் உங்களுடையவை. காற்றில்லாத ஒரு காலை, பக்கத்தில் வேறு படகு இல்லாத இடமாகப் பாருங்கள். காற்றடைத்த தடுப்பு உருளை ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் படகைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். முன்னே, நடுவே, பின்னே: லீவரின் மூன்று நிலையும் கைக்குப் பழக வேண்டும். பின்னே போடும்போது படகின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும். உங்கள் படகு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள், அவர் சொல்லி அல்ல. அவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் போய் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டும். உருளையை நீங்கள் இடித்தாலும் பேசக் கூடாது. இருபது முறை செய்தால் பதினைந்தாவது முறையிலிருந்து உங்களுக்கே தெரியும்.

நங்கூரம் போடும்போது சுக்கானில் இருக்க வேண்டியவர் நீங்கள்தான். பல தம்பதிகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஐயா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி நிற்பார், அம்மா முன்னால் குனிந்து முப்பது பவுண்டு இரும்போடும் சங்கிலியோடும் மல்லுக்கட்டுவார். பலம் வேண்டிய வேலை முன்னால் இருக்கிறது, நிதானம் வேண்டிய வேலை பின்னால் இருக்கிறது. யாரிடம் எது அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். கத்திப் பேசக் கூடாது. என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காது, மற்ற படகுக்காரர்களுக்கு மட்டும் நன்றாகக் கேட்கும். கைச்சைகை நான்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காதில் மாட்டும் ஹெட்செட் ஒரு ஜோடி வாங்குங்கள். படகுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘கல்யாணத்தைக் காப்பாற்றும் கருவி’.

ரேடியோவும் உங்கள் கையில் இருக்கட்டும். பாலம் திறப்பவரை வர்ஜினியாவிலும் வட கரோலைனாவிலும் 13ஆம் சேனலில் கூப்பிட வேண்டும், தென் கரோலைனாவிலிருந்து கீழே 9ஆம் சேனல். பெரிய வித்தை ஒன்றுமில்லை: பாலத்தின் பெயர், உங்கள் படகின் பெயர், “தெற்கே போகும் பாய்மரப் படகு, அடுத்த திறப்புக்குக் காத்திருக்கிறோம்”, அவ்வளவுதான். ‘நெய்தல்’ அவர்கள் வாயில் என்னவெல்லாமோ ஆகும், பொருட்படுத்தாதீர்கள். உங்களையும் “கேப்டன்” என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதே ரேடியோவில் சிவப்பு மூடிக்குள் ஒரு பொத்தான் இருக்கும். மூடியைத் திறந்து அழுத்திப் பிடித்தால் படகின் அடையாள எண்ணும் இருக்குமிடமும் கடலோரக் காவல் படைக்குப் போகும். ஆனால் அந்த ஒன்பது இலக்க எண்ணைப் பதிவு செய்து ரேடியோவில் ஏற்றியிருக்க வேண்டும், ஜிபிஎஸ் இணைப்பும் இருக்க வேண்டும். உங்கள் படகில் இரண்டும் செய்திருக்கிறதா என்று இன்றைக்கே அவரைக் கேளுங்கள். அப்புறம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “நீங்கள் தண்ணீரில் விழுந்தால் நான் உங்களை எப்படி மேலே ஏற்றுவது?” நனைந்த உடையோடு எண்பது கிலோ ஆளை நீங்கள் கையால் இழுக்க முடியாது. ஏணி தண்ணீருக்குள் எவ்வளவு இறங்குகிறது, எந்தக் கயிற்றை எந்த வின்ச்சில் சுற்றித் தூக்குவது என்று குளிர் வரும் முன் ஒரு நாள் செய்து பார்த்துவிடுங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். இருவரும் மிதவைச் சட்டையோடுதான் மேல்தளத்துக்கு வர வேண்டும்.

வழியில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று மாறி மாறிச் சுக்கான் பிடியுங்கள். பாய் விரித்துப் போகும் நேரம் கொஞ்சம்தான், பெரும்பாலும் என்ஜின்தான் ஓடும். ஆகவே டீசல் வடிகட்டி, தண்ணீர் இறைக்கும் இம்பெல்லர், பெல்ட் எல்லாம் இரண்டிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அடையாளத் தூண்களில் சின்ன மஞ்சள் குறி ஒட்டியிருக்கும். தெற்கே போகும்போது மஞ்சள் முக்கோணம் வலப்பக்கம், மஞ்சள் சதுரம் இடப்பக்கம். கடலிலிருந்து வரும் வேறு வாய்க்கால் குறுக்கிடும் இடங்களில் சிவப்பும் பச்சையும் பக்கம் மாறிக் குழப்பும். அப்போது நிறத்தை மறந்துவிட்டு மஞ்சளை மட்டும் பாருங்கள்.

நார்ஃபோக்கிலிருந்து இரண்டு வழி பிரிகிறது. டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் அழகு. 1793இல் தொடங்கி, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களைக் கொண்டு கையால் வெட்டியது. தப்பி ஓடியவர்கள் அந்தச் சதுப்புக்காட்டுக்குள்ளேயே ஒளிந்து வாழ்ந்தார்கள். ஆனால் ஆழம் ஆறடி, அடியில் மரக்கட்டைகள். உங்கள் ஐந்தரை அடிக்கு அது தலைவலி. காரில் போய்ப் பாருங்கள், கரையோரமாக நடைபாதை இருக்கிறது. படகுக்கு கிரேட் பிரிட்ஜ் வழிதான். அங்கே நீர்ப்பூட்டு ஒன்று இருக்கிறது, இரண்டு கதவுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீர் மட்டத்தை மாற்றுவார்கள். இரண்டு மூன்று அடிதான் தண்ணீர் ஏறி இறங்கும், பழக நல்ல இடம்.

தரை தட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தட்டும். நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அங்கிருந்து மயாமி வரை 10 அடி என்பது காகிதத்தில் உள்ள ஆழம். மணல் காகிதம் படிப்பதில்லை. ஜார்ஜியாவில்தான் கவனம் அதிகம் வேண்டும்: ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெக்கில் கிரீக். அங்கே கடலின் ஏற்ற இறக்கம் ஏழெட்டு அடி, சில நாள் ஒன்பதும் தொடும். இந்த மூன்றையும் தண்ணீர் பாதி ஏறிய பிறகு, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது கடந்துவிடுங்கள். அப்போது தட்டினால் ஒரு டீ போட்டுக் குடிப்பதற்குள் தண்ணீரே தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் படகு சாய்ந்து ஆறேழு மணி நேரம் சேற்றில் படுத்துவிடும். இழுவைப் படகுச் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டுக் கிளம்புங்கள். ராணுவப் பொறியாளர் பிரிவு எடுக்கும் ஆழ அளவீடுகளைப் படகின் திரையில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் குறைவாகவே தட்டுகிறார்கள்.

நங்கூரக் கணக்கும் ஜார்ஜியாவில் மாறும். வற்றத்தில் எட்டு அடி ஆழம் என்று நினைத்து நாற்பது அடி சங்கிலி விடுவார்கள். இரவில் தண்ணீர் எட்டு அடி ஏறும். அணியம் தண்ணீரிலிருந்து நான்கடி உயரம். எட்டும் எட்டும் நான்கும் இருபது. ஐந்து மடங்கு என்றால் நூறு அடி விட வேண்டும். காற்று வருமென்றால் ஏழு மடங்கு, 140. இந்தக் கூட்டலை ஒவ்வொரு மாலையும் நீங்கள் போடுங்கள், அவர் சரிபார்க்கட்டும்.

பயப்படுத்திக்கொண்டே போகிறேன். தென் கரோலைனாவில் வாக்கமா ஆற்றில் சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கும். அங்கே ஒரு காலை பனிமூட்டம் விலகும்போது என்ஜினை நிறுத்திவிட்டு உட்காருங்கள். கம்பர்லண்ட் தீவில் காட்டுக்குதிரைகள் மணலில் நடந்து வரும், அங்கே இரண்டு நாள் ஒதுக்குங்கள். டைட்டஸ்வில்லில் இருக்கும்போது கேப் கனாவரலில் ராக்கெட் ஏவும் தேதி வந்தால் மேல்தளத்துக்கு வந்து தலையைத் தூக்கிப் பாருங்கள்.

மரச்சாறு ஊறிய அந்தக் காப்பி நிறத் தண்ணீரில் பத்து நாள் போனால் படகின் வெள்ளை முகத்தில் பழுப்பு மீசை முளைத்துவிடும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தால் போகும். சிலர் அதை வைத்துக்கொண்டே திரிகிறார்கள், தெற்கே வந்த அடையாளமாம்.

பின்குறிப்புக்குப் பதில்: புளிக்கும். எட்டு மணி நேரம் ஓடிய என்ஜினின் அறை இரவு வெகுநேரம் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். நங்கூரம் போட்டு என்ஜினை நிறுத்தியதும், இறுக்கமான மூடி போட்ட பாத்திரத்தை என்ஜின் பெட்டியின் மேல், பெல்ட்டும் சூடான குழாயும் படாத இடத்தில் வைத்து, நகராமல் கட்டிவிடுங்கள். பாதிக்கு மேல் மாவு ஊற்ற வேண்டாம். எங்கள் படகில் ஒரு முறை பொங்கி அடித்தட்டில் வழிந்து, சவான்னா வரை படகு முழுக்க இட்லிக்கடை வாசனை.